மூன்றாம் மேசைக் கொக்கி

என் பெரியம்மாவுக்கு வேலையிடத்தில் 'இன்னொருதடவை' என்று பட்டப்பெயர். யார் எதை முடித்துக் காட்டினாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்துக்குப் பாராசூட் மடித்தாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். அவள் இரண்டாவது முறை இழுத்ததும் திரும்பிப் பாராமல் நடந்துவிடுவாள். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்பதை அவள் வேலையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்துகொண்டேன்.

மடிப்புக் கூடம் என்பது தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே நான்கு மேசைகள், ஒவ்வொன்றும் ஒரு தெருவின் பாதி நீளம். ஒவ்வொரு மேசைக்கும் சுவரில் ஒரு பலகை. கத்தரிக்கோல், துணியைத் தட்டிச் சமன்செய்யும் துடுப்பு, கயிறுகளை இழுத்துச் செருகும் ஒரு சாண் நீளக் கொக்கி என்று ஒவ்வொரு கருவியின் வடிவமும் பலகையில் வெள்ளையாக வரைந்திருக்கும். மாலையில் கருவிகளை அவற்றின் இடத்தில் மாட்ட வேண்டும். ஒரு வெள்ளை வடிவம் காலியாகத் தெரிந்தால், அன்று மடித்த ஒரு பொதிகூட வாசலைத் தாண்டக் கூடாது. அதுதான் விதி.

வாசலுக்கு மேலே உலகப் போர்க்காலப் படம் ஒன்று தொங்கியது. பெண்கள் வரிசையாக நின்று பட்டுத்துணி மடிக்கிறார்கள். அந்தப் போரில் எங்கோ பாராசூட் குடைகள் விரியாமல் ஆட்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்களாம். மடித்தவர்களே தாங்கள் மடித்ததை மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததாம். பிழைகள் சட்டென்று நின்றனவாம். பயிற்சியில் சொன்ன கதை; நிஜமோ, கட்டியதோ. பட்டு போய் நைலான் வந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் இங்கே போகவில்லை. அதிகாரி எப்போதாவது வந்து ஏதோ ஒரு பொதியைத் தொடுவார். மடித்தவள் அதை மாட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். பெரியம்மா அப்படிப் பதினேழு முறை குதித்தவள்.

ஒருநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, அவளுடைய மூன்றாம் மேசைப் பலகையில் கொக்கியின் வடிவம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை முப்பத்தாறு புது ஆட்கள் முதல் முறையாகக் குதிக்க வேண்டும். முப்பத்தாறு பொதிகளும் தயார். மேசைக்கடியில் தேடினாள், இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை உதறினாள், தரையைப் பெருக்கினாள். கிடங்குச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. உள்ளே பெட்டி நிறையப் புதுக் கொக்கிகள், சிவப்பு நாடா, எண் எழுத வண்ணம். புதுசில் நாடா சுற்றி மேசை எண் எழுதி மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது; இரண்டு நிமிட வேலை. "அன்னைக்குத்தான் அந்தச் சாவி கனமா இருந்துச்சு" என்பாள் பிற்பாடு.

அவள் நேரே கேப்டன் அறைக்குப் போனாள்.

"சார், மூணாம் மேசையில ஒரு கொக்கி இல்ல."

"எங்கயாவது விழுந்திருக்கும்மா. பெருக்கிப் பாருங்க."

"பெருக்கியாச்சு. ரெண்டு தடவை."

கேப்டன் நெற்றியைத் தேய்த்தார். "காலைல விமானம் வருது. மேல நான் என்ன சொல்றது?"

"கொக்கி கிடைக்கலன்னு சொல்லுங்க."

"உங்க பேர்ல சிவப்புக் கோடு விழும். அடுத்த மாசம் தலைமை மடிப்பாளர் பதவிக்கு உங்க பேர்தான் போயிருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார். உள்ள கொக்கி இருந்தா குடை கிழியும். அதுவும் தெரியும்."

குதிப்பு தள்ளிப்போனது. பிரிப்பது ஐந்து நிமிடம்; மறுபடி மடிப்பது முக்கால் மணி நேரம். அவளுடைய ஒன்பது பொதிகளை முதலில் பிரித்தார்கள். ஒன்றுமில்லை. முதல் மேசையின் ஒன்பதிலும் இல்லை. இரண்டாம் மேசைக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். தலைமுடியைப் பார்த்து எல்லோரும் அவளைச் சுருட்டை என்பார்கள். பெரியம்மாவும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என் பலகையில எல்லாம் சரியா இருக்கு. உன் கொக்கிக்குக் கால் முளைச்சு என் மேசைக்கு நடந்து வந்துச்சா?"

"வந்திருந்தா பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போயிடறேன். பிரி."

"என் மாமியார்கூட இப்படிப் படுத்தினதில்லடி!"

இருபத்து மூன்றாவது பொதியைப் பிரித்தபோது கணீரென்று மேசையில் ஏதோ விழுந்தது. சிவப்பு நாடா. மூன்று என்ற எண்.

சுருட்டை அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னோடது முனை வளைஞ்சிருந்துச்சு. மதியம் உன்னோடதை வாங்கினேன். முடிஞ்சதும் மாட்டினேனே... என்னோடதையே மாட்டியிருக்கேன்."

பெரியம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மதியம் கயிறுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது பேசினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கை நீண்டது; யாருடையது என்று பார்க்காமலே கொடுத்தாள்.

பதிவேட்டை வாங்கித் தானே எழுதினாள்: 'யாரிடம் கொடுக்கிறேன் என்று பார்க்காமல் கருவியைக் கொடுத்தேன்.' கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே சுருட்டை தன் வரியை எழுதினாள். பதவி வேறொருத்திக்குப் போனது.

ஆனால் மறுநாள் காலை சுருட்டை மேசையைத் தொட மறுத்துவிட்டாள். "ஒரு உசுரு போயிருக்கும். இனிமே நான் மடிக்க மாட்டேன்."

"அந்த இருபத்திமூணாவதை மட்டும் மடி. அதை நான் மாட்டிக்கிட்டுக் குதிக்கிறேன்."

"லூசா உனக்கு? நாப்பத்தேழு வயசு. முட்டி வலி வேற."

"குடை விரியறதுக்கும் என் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? மடி."

சுருட்டை மடித்தாள். முக்கால் மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கட்டி முடித்ததும் பெரியம்மா கை நீட்டினாள். சுருட்டை கொடுக்கவில்லை. "இரு. கொக்கிங்களை இன்னொரு தடவை எண்ணிக்கறேன்" என்றாள். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. அவளும் சிரித்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள், முப்பத்தாறு புது ஆட்களுக்கு முன்னால் பெரியம்மா விமானத்தின் கதவில் நின்றாள். பயமில்லை என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. "பயம் வயித்துல இருந்துச்சு. கால் கதவுல இருந்துச்சு" என்பாள்.

குடை விரிந்தது. தரையில் உருண்டு எழுந்தவள் நொண்டினாள். சுருட்டை மைதானத்தின் குறுக்கே மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"முட்டிதான். உன் கொக்கி எங்க?"

"பலகையில."

"யாரோடது?"

"என்னோடதுதான்டி பாவி! புதுசு! ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் ஓடி வந்தேன்!"

இருவரும் குடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு நடந்தார்கள். மடிக்க இன்னும் நிறைய இருந்தது.