நரி இல்லாத வேட்டை

என் கணவர் நாய்க்கொட்டில் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் பழைய சந்தேகம் திரும்பவும் பிடித்தது. நாங்கள் அப்போது செயின்ட்-மிஷேலில் இருந்தோம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரைத் தாண்டிப் பாலம் ஏறிப் போனால் ஒரு நரிவேட்டைக் கழகம். அங்கே நாய்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு வைத்து, கொட்டில் கழுவுகிற வேலை. அவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால், பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். இனி ஒருதரம் குடித்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரொறொன்ரோவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நானும் சொல்லியிருந்தேன். நான் சொன்னால் செய்கிறவள்.

இலையுதிர்காலம் தொடங்கியதும் சனிக்கிழமைகளில் அவரிடம் நாய் நாற்றத்தோடு இன்னொரு மணமும் வரத் தொடங்கியது. இனிப்பான, கனத்த வைன் மணம்.

"இது என்ன மணம்?"

"குதிரையில இருக்கிறவை குடிக்கிறது. வெளிக்கிட முந்தி எல்லாருக்கும் சின்னக் கிளாசில குடுக்கவேணும். நான்தான் தட்டுப் பிடிக்கிறனான். குதிரை ஆடினால் என்ர தலையிலதான் ஊத்துப்படும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தைப் பற்றி அவர் சொன்ன எதையும் நான் நம்பியதில்லை. வேட்டையாம், ஆனால் நரி இல்லையாம். நரி மணம் ஏற்றிய துணியை ஒருத்தன் முன்கூட்டியே இழுத்துக்கொண்டு போவானாம், நாய்கள் அதை மோந்து மோந்து துரத்துமாம். நாய்களைச் சோடி சோடியாகத்தான் எண்ணவேண்டுமாம். சிவப்புக் கோட்டு எல்லாரும் போட முடியாதாம், அதைச் சிவப்பு என்று சொல்லவும் கூடாதாம், பிங்க் என்பார்களாம். கழுத்தில் சுற்றுகிற வெள்ளைத் துணி, விழுந்து கை முறிந்தால் தூக்கிக் கட்டுவதற்காம். எல்லாவற்றுக்கும் மேலே, வருடத்தில் ஒருநாள் சுவாமியார் வந்து நாய்களை ஆசீர்வதிப்பாராம். எங்கள் பிள்ளைக்குக் கோயிலில் முதல்நன்மை அப்பம் கொடுக்கவே சுவாமியார் ஆயிரம் கேள்வி கேட்டவர். நாய்க்கு ஆசீர்வாதமாம். குடிவெறியில் இருக்கிறவனுக்குத்தான் இப்படியெல்லாம் கதை வரும்.

"வாற சனிதான் அந்த ஆசீர்வாதம்" என்றார்.

"அண்டைக்கு எனக்குக் கார் வேணும். நானே கொண்டுவந்து விடுறன்."

அவரை வாசலில் இறக்கினேன். திரும்பிப் போகிற மாதிரிப் போய், வேலியோரம் மரங்களுக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு இருந்தேன்.

சுவாமியார் உண்மையாகவே வந்தார். எந்தச் சபையோ தெரியாது, வெள்ளை அங்கி போட்டிருந்தார். அவர் செபம் சொல்ல, நாய்கள் அங்கியின் ஓரத்தை மோந்துகொண்டு நின்றன. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே நாலைந்து சிவப்புக் கோட்டு. எல்லார் கழுத்திலும் வெள்ளைத் துணி. என் கணவர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிரை குதிரையாகப் போனார். ஒரு குதிரை தலையை உதறியது. ஒரு கிளாஸ் அப்படியே அவர் தோளில் கவிழ்ந்தது. கையால் துடைத்துக்கொண்டு அடுத்த குதிரைக்குப் போனார்.

வேறு யாருக்கும் அந்த இடத்திலேயே மனம் ஆறியிருக்கும். எனக்கு ஆறவில்லை. இவ்வளவும் உண்மையென்றால் பொய் வேறெங்கேயோ இருக்கவேண்டும் என்றுதான் பட்டது.

கொம்பு ஊதினார்கள். குதிரைகளும் நாய்களும் வயலுக்குள் போய் மறைந்தன. அவர் தட்டை அங்கே நின்ற வான் வண்டிக்குப் பக்கத்திலிருந்த மேசையில் வைத்தார். சில கிளாஸ்களில் பாதி வைன் அப்படியே இருந்தது. அவர் சுற்றிவரப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிளாஸை எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் குளிர் உடுப்பு எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் அதைப் புல்லில் ஊற்றினார். பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக ஊற்றினார். கடைசிக் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் காரைக் கண்டார்.

மெதுவாக நடந்து வந்தார். கண்ணாடியை இறக்கினேன். குனிந்து, முகத்தை உள்ளே நீட்டி, என் மூக்குக்கு நேரே ஊதினார்.

"மணந்து பாரும்."

மணந்து பார்த்தேன். காலையில் நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணி மணம்தான் வந்தது.

"இன்னொருக்கா ஊதுங்கோ" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.