ரீஸ்டார்ட் செய்தேன், ஆஃப் செய்யவில்லை

புது கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரு வாசனை வரும்... தெர்மகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. பன்னிரண்டு பெட்டிகளை ஒரே நாளில் பிரித்ததால் எங்கள் ஆபீஸ் முழுக்க அன்று அதே வாசனைதான்.

எனக்கு அது முதல் வேலை. கோட்டைக்குள் வீடு, கழக்கூட்டத்தில் ஆபீஸ். பஸ்ஸில் நின்றே போய் நின்றே வருவேன். இப்போது நினைத்தாலே கால் வலிக்கிறது. அப்போது வலித்ததாக ஞாபகம் இல்லை.

அந்தப் பன்னிரண்டையும் பார்த்து வாங்கியவர் செல்லதுரை அண்ணா. ஹார்ட்வேர், வயரிங், பிரின்டர் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு இந்த மலையாள ஊருக்கு வந்தவர். அண்ணா டிப்ளமோ முடித்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கழுத்தில் ஐடி கார்டு மாட்டியவர். சாயா குடிக்கப் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட வேண்டும். ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள்... ஒவ்வொன்றும் மொத்தப் பெட்டியும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அப்படி நினைத்து இஷ்டத்துக்குக் கைவைத்தால் மற்றதெல்லாம் கவிழ்ந்துவிடும்.

பழைய பிராசசர்களில் சாஃப்ட்வேர்தான் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு உத்தரவையும் பார்த்துத் தடுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே ஓடும். புதியவற்றில் அந்தக் காவல் பிராசசருக்குள்ளேயே உண்டு. சாதாரண வேலையை நேராக ஓட விடும். அத்துமீறிய உத்தரவு வந்தால் தானே நிறுத்தி, மேலே இருக்கும் சாஃப்ட்வேரிடம் ஒப்படைக்கும். அந்த வசதி இல்லையென்றால் எங்களுக்கு வேண்டிய 64 பிட் சிஸ்டம் உள்ளே எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

வசதி உண்டா என்று சோதிப்பது என் வேலை. மெஷின் எழும்போதே திறக்கும் பயாஸ் செட்டிங்கில் அது ஆஃபில் இருந்தது. ஆன் செய்தேன். சேவ் செய்தேன். ரீஸ்டார்ட் செய்தேன்.

'சப்போர்ட் இல்லை' என்று வந்தது. பன்னிரண்டிலும் அதே.

"உண்டு மேடம். நான் கேட்டு உறப்பு பண்ணிட்டுதான வாங்குனேன். இன்னும் ஒரு தடவைகூட நோக்குங்க."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் அண்ணா. வரமாட்டேங்கறதே."

இரண்டு தடவையும் ரீஸ்டார்ட்தான். எங்கள் ஆபீஸில் யாரும் மெஷினை ஆஃப் செய்வதே கிடையாது. திரும்ப ஆன் செய்தால் ஆன்டிவைரஸ் முழித்து வேலைக்கு வரக் கால் மணி நேரம் ஆகும். அதனால் ஆஃப் செய்யக்கூடாது என்பது மானேஜர் உத்தரவு. சாயங்காலம் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்புவோம். ஆஃப் செய்து பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மானேஜர் மலையாளத்தில் கேட்டார். "சப்போர்ட் உண்டோ, இல்லயோ? அது மாத்ரம் எழுதித் தரூ."

இல்லை என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்.

கிளையன்ட் காத்திருந்தார். கோபம் எல்லாம் அண்ணாவின் தலையில் விழுந்தது. அந்த வாரக் கடைசியில் அவருடைய ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் மேஜைக்கு வந்து, "பிரின்டர் கேபிள் லூசா கெடக்கு மேடம், பாத்து மாத்திடுங்க" என்றார்.

அவர் போன மூன்றாம் நாள் துலாவர்ஷம், ஐப்பசி மழை. மத்தியானம் மூன்று மணிக்கு இடி. இடி என்றால் இந்த ஊரில் எல்லோரும் முதலில் ஓடுவது பிளக்கைப் பிடுங்கத்தான். ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் ஓமனச் சேச்சி வீட்டில் செய்வதையே இங்கேயும் செய்துவிட்டார்.

"மோளே, இடி வெட்டுந்நு... ஞான் பிளக்கெல்லாம் ஊரியிட்டு."

பன்னிரண்டும் செத்துக் கிடந்தன. தலையில் அடித்துக்கொண்டேன். மழை விட்டதும் ஒவ்வொன்றாகச் சொருகி ஆன் செய்தேன். முதல் மெஷினில் 'சப்போர்ட் உண்டு' என்று வந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்...

அந்த மெஷின்களில் பயாஸில் செய்த மாற்றம், கரண்ட் முழுதாகப் போய் வந்தால்தான் செல்லும். ரீஸ்டார்ட் போதாது. கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் புரட்டவே இல்லை.

மானேஜரிடம் ஓடினேன். அவருக்கு சந்தோஷம். அண்ணா பெயரை எடுத்ததும் முகம் மாறியது. அடுத்த மாதம் என்னுடைய கன்ஃபர்மேஷன் வருகிறது என்று நினைவுபடுத்தினார். "அது இனி பறயண்டா" என்றார். சொல்லக்கூடாதாம்.

சொல்லவில்லை. மானேஜரிடம் மறுபடியும் இல்லை, அண்ணாவிடமும் இல்லை. அண்ணாவின் நம்பர் என் போனில்தான் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, பிறகு வெட்கமாகிவிட்டது.

இன்று எல்லாம் கிளவுடு. ஒரு கிளிக்கில் நூறு விர்ச்சுவல் மெஷின். ஒன்று கெட்டால் அழித்துவிட்டு இன்னொன்று. யார் வாங்கியது, யார் தப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. எந்த ஊரில் ஓடுகிறது என்றே தெரியாத மெஷின்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்தால், எதைப் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அலுப்பு மட்டும் மிச்சம்.

போன வாரம் என் போன் ஸ்கிரீன் உடைந்தது. பழவங்காடியில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். உள்ளே செல்லதுரை அண்ணா... தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"மேடம்! சுகந்தானே? என் மோளும் இப்போ கம்ப்யூட்டர்தான் படிக்கா." போனைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். "எதையும் ஒழுங்கா நோக்கிச் செய்யி, அப்பா மாதிரி தப்பா வாங்கிக் குடுத்து நாணங்கெடாதேன்னு அவகிட்ட எப்பவும் சொல்லுவேன்."

"நீங்க தப்பா வாங்கலை அண்ணா. எல்லாம் சரியாத்தான் இருந்துது. நான்தான் ஆஃப் பண்ணிப் பாக்கலை."

ஸ்க்ரூடிரைவர் பிடித்திருந்த கை நின்றது.

"எப்போ தெரிஞ்சுது மேடம்?"

"நீங்க போன மூணாம் நாள்."

அவர் திட்டியிருக்கலாம். புது ஸ்கிரீனைப் பொருத்தி, ஸ்க்ரூவை முடுக்கி, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மோள்ட்ட சொல்லணும்" என்றார்.