கிளினிக் கொப்பிகள் ஏறின ஓட்டோ

ஓட்டோவுக்கு வரும் வருத்தங்களில் மோசமானது சும்மா நிற்பதுதான். ஓட்டோ ஸ்ராண்டில் முறைக்குக் காய்ந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பின்கண்ணாடி நம்பர்

ஏ.எல். சோதினை சரிவரவில்லை. லைசென்ஸ் எடுத்து, அப்பாவின் ஓட்டோவோடு கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் கடைசி ஆளாய் நின்றேன். கொரோனா வந்தது. பஸ் நின்றதும் டவுன் ஹயர் ஓட்டம் ஒரு கிழமையில் செத்துப்போனது. ஓட்டோவை விற்றுவிட்டு என்னை வவுனியாவில் சித்தப்பாவின் ஹாட்வெயார் கடையில் விடுவதென்று அப்பா முடிவெடுத்தார். கம்பி நிறுக்க நான் பிறக்கவில்லை. பின்கண்ணாடியில் போன் நம்பரைப் பெரிதாய் எழுதினேன். ஸ்ராண்டில் அது குற்றம். முறை வந்தவன்தான் ஆள் ஏற்றலாம். ஸ்ராண்ட் தலைவர் ராசன் அண்ணை பார்த்தார்.

"ஆக்களே இல்லாத ஊரிலை ஆருக்கடா நம்பர் எழுதுறாய்?"

பதினொரு கொப்பி

ஆக்கள் டவுனுக்கு வெளியே, அக்கராயன் கிராமத்தில் இருந்தார்கள். பஸ்ஸை விட்டால் வேறொன்றும் ஏறாதவர்கள். ஆஸ்பத்திரியில் அவர்கள் எடுக்கிற மாதக் கிளினிக் மருந்து முடிந்துகொண்டிருந்தது. ஊரடங்குப் பாஸ் எடுத்து அந்தப் பக்கம் ஓடினேன். முதலில் அழைத்தது சரோஜா அக்கா, மலையகத்திலிருந்து வந்து குடியேறின குடும்பம். தனியாக ஓட்டோ பிடிக்க வசதியில்லை என்று டொக்டர் மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பிகளை, பதினொரு வீட்டினதையும் ஒரே பையில் போட்டுத் தந்தார். ஆள் ஒருவரும் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் கொப்பிகளைக் கொடுத்து, மருந்தோடு திரும்பினேன். அக்கா வாசலில் நின்று சிரித்தார்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கே ஓட்டோ வந்ததில்லங்க, மாத்திரைக்கு வந்திருக்கு!"

ஒரே பை

அடுத்து வாய்க்கால் பக்கத்து வயல்காரர்கள் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய குடும்பங்கள். ஒரு மாமி பையை எட்டிப் பார்த்தா. "அவையின்ர கொப்பியோடையோ எங்கடையும் போகுது?" எனக்குப் பொறுமை கிடையாது. "ஓம் மாமி. விருப்பமில்லாட்டி பஸ் விடேக்கை போங்கோ" என்று ஸ்ராட் பண்ணினேன். பத்து யார் தூரம் போகவில்லை, மாமி கொப்பியோடு ஓடி வந்தா.

"சரி, ஒரே பையிலை போடு. எங்கடையை மட்டும் மேலை வை தம்பி."

வாங்க வந்தவர்

பளையிலிருந்து ஓட்டோ வாங்க ஒருவர் வந்த காலை, நான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். என் போன் அப்பாவின் கையில். அடித்தது. எடுத்தார். வைக்க முதல் இன்னொன்று. வந்தவர் முற்றத்துக் கதிரையில் தேத்தண்ணி ஆற ஆற இருந்தார். ஐந்தாவது அழைப்புக்கு, "ஓம் பிள்ளை, எட்டு மணிக்கு வருவான், கொப்பியை எடுத்து வையுங்கோ" என்று அப்பாவே நேரம் கொடுத்தார். பிறகு வந்தவரிடம் திரும்பினார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, இந்த ஓட்டோவுக்கு விலைப்பட நேரமில்லை."

மனுசர் ஏறாத அந்த வருசத்தில்தான், என் ஓட்டோவில் இடம் போதாமல் போனது.