பத்து கப் வால்நட்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் 'தராசு'. பாதாம், முந்திரி விற்கும் கடையில் எடை போடுவதுதான் வேலை. யாராவது போனைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, ரெண்டு கப் பாதாம்" என்று கேட்டுவிட்டால் போதும், மனுஷனுக்குச் சுர்ரென்று ஏறிவிடும். "முழுசா, நறுக்கினதா, பொடியா? கப்பு ஒண்ணுதான், எடை வேற வேற!" என்பார். கேட்டவர் திருதிருவென்று முழிப்பார். வீட்டிலும் அதே பாட்டுத்தான். உப்பைக்கூட நிறுத்துப் போடச் சொல்கிறவரோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

எனக்குக் கப்தான் கணக்கு. பக்கத்துத் தெரு ஆபீசில் பத்து வால்நட் கேக் கேட்டிருந்தார்கள். கேக்குக்கு ஒரு கப் பருப்பு, நறுக்கியது. என் கையால் நான் சம்பாதிக்கப் போகும் முதல் காசு. நன்றாக வந்தால் மாதாமாதம் என்னிடமே வாங்குவார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பத்து கப் வால்நட் வேணும், மத்தியானம் சாப்பிட வர்றப்போ கொண்டாங்க" என்றேன்.

"முழுசா, நறுக்கினதா?"

"வால்நட்டுன்னா வால்நட்டு! காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க."

அவர் கடையில் முழுப் பருப்பை ஒரு கப் நிரப்பி நிறுத்திருக்கிறார். நூறு கிராம். பத்துக்கு ஒரு கிலோ. கொடுத்தார், சாப்பிட்டார், போய்விட்டார். நான் உட்கார்ந்து நறுக்கி அளந்தால், எட்டு கப் தாண்டியதும் பாத்திரம் காலி! நறுக்கினால் இடுக்கெல்லாம் அடைந்துகொண்டு கப்புக்குக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது இந்த மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

போன் போட்டேன். "நான்தான் கேட்டேனே?" என்றார்.

அந்த 'கேட்டேனே' இருக்கிறதே! "கேட்டீங்க சாமி, கேட்டீங்க!" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விடுவதற்குள் கேக் போய்ச் சேர வேண்டும். நறுக்கியதில் ஒரு கப்பை வீட்டுத் தராசில் வைத்தேன். நூற்றிருபது கிராம். பத்து கப்புக்கு ஆயிரத்திருநூறு. அப்படியானால் இருநூறு கிராம் குறைகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

கடையில் ஒரே கூட்டம். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. "எத்தன கப்பும்மா?" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருநூறு கிராம். முழுசு. நறுக்கினா கப் நூத்திருபது வருது, நிறுத்துப் பாத்துட்டேன்."

சிரிப்பு நின்றது. தராசில் போட்டு நிறுத்தார். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி மேலே போட்டார். பெற்ற தாய்க்கே கொசுறு போடாதவர்!

"அதை எடுங்க. சிரிச்சதுக்குக் கொசுறா?" என்றேன். எடுத்தார். காசை வைத்துவிட்டு வந்தேன்.

பத்து கேக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த மாதத்துக்கும் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அவர் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த மாசத்துக்கு எவ்வளவு கொண்டு வரட்டும்?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் கொண்டு வர வேணாம். நானே கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றேன்.