லீடர் வந்த சனி, ஞாயிறு

வக்கீல் கதையைச் சொல்லி முடித்ததும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தன் கதைக்குத் தானே சிரிப்பது வக்கீலின் பழைய வழக்கம்; அவளும் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த லீடர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சிரிப்பு ஓய்ந்த பிறகும் அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சநேரம் தனியாக நின்றது. போன வருடம் ஒரு சனிக்கிழமைக் காலை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு, கரண்டி கையில் நிற்க, ஏதோ சரியில்லை என்று முதன்முதலாகத் தட்டியது.

நாங்கள் மூவரும் மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். விடுதிச் சாப்பாட்டில் புழு கிடந்தால் தட்டோடு போய் வார்டன் முன்னால் நிற்பது லீடர்தான். சினிமாவுக்கு அனுமதி வாங்குவதும், யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று சொல்வதும் அவள்தான். அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. வக்கீல் சென்னையில் உண்மையாகவே வக்கீல். நானும் என் வீட்டுக்காரரும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்தக் கடை நடத்துகிறோம். லீடர் தினமும் கல்லூரிக்குப் போவது என் கடையைத் தாண்டித்தான். ஆனாலும் இரண்டு வருடமாக ஒரு நாள்கூட இறங்கிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் பேப்பர் திருத்துகிறேன் என்பாள். மறுமுறை தலைவலி என்பாள். போனில் பேசுவதே நின்று, வெறும் வாட்ஸ்அப் எழுத்தாகிவிட்டது. பேராசிரியைக்குப் பூக்கடைக்காரி சரிப்படவில்லை போலும் என்று நானும் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த முறுக்கை வக்கீல்தான் அவிழ்த்தாள். "ரெண்டு நாளு வாரேன். கோர்ட்டு கிடையாது, புருஷன் கிடையாது, புள்ளைக கிடையாது. திங்கிறோம், சுத்துறோம்" என்று சொல்லிவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தவள், நேராக லீடர் வீட்டு வாசலில் போய் நின்று ஹாரன் அடித்திருக்கிறாள். அதற்குமேல் எந்தத் தலைவலியும் செல்லவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மதுரைக்காரர்கள் யாருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அன்று அதை நிரூபித்தே தீருவது என்று கிளம்பினோம். விளக்குத்தூண் பக்கம் நின்றுகொண்டே ஜிகர்தண்டா குடித்தோம். சுங்குடிச் சேலைக் கடைகளில் ஏறி இறங்கினோம். "உனக்கு ஒண்ணு எடுக்கலையாடி?" என்று கேட்டேன். "ஆமா, வெயில் அதிகந்தான்" என்றாள் லீடர். படிக்கிற காலத்தில் ஒரு முடி பிசகாமல் இழுத்துப் பின்னுகிறவள், அந்த வெயிலிலும் கூந்தலைக் காது மறைய விரித்துப் போட்டிருந்தாள். வக்கீல் என்னைப் பார்த்தாள். நான் வக்கீலைப் பார்த்தேன்.

சாயங்காலம் பரோட்டாக் கடைக்குப் போனோம். நல்ல கூட்டம். வாசலில் கல்லின் மேல் இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு கொத்துப் பரோட்டா கொத்தினார்கள். எனக்கு அது பசியைக் கிளப்பும் தாளம். லீடருக்கு முகம் வெளிறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தவள், சட்டென்று கூந்தலுக்குள் கையை விட்டு எதையோ பிடுங்கி எடுத்தாள். உள்ளங்கையில் பட்டாணி அளவில் ஒன்று, மெல்லிய வயரோடு.

"என்னடி அது?" என்றாள் வக்கீல்.

"காது மெஷின்" என்றாள் லீடர். அளவு தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

காருக்குள் மூவரும் உட்கார்ந்தோம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்க, "லைட்டப் போடுங்கடி. மூஞ்சி தெரியாம எனக்கு எப்பிடிப் புரியும்?" என்றாள். வக்கீல் மேல்விளக்கைப் போட்டாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் லீடர் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருடமாகவே கேட்பது குறைந்துகொண்டு வருகிறது. நரம்பில் கோளாறு, திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் அமைதியான இடத்தில் உதவும். கூட்டத்தில் தட்டும் டம்ளரும்கூடத் தலைக்குள் வந்து விழும். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒரு கேள்வி கேட்க, இவள் வேறு எதற்கோ பதில் சொல்லியிருக்கிறாள்.

"அவ கேட்ட கேள்வி கேக்கல. ஆனா எல்லாரும் சிரிச்ச சிரிப்பு மட்டும் தெளிவாக் கேட்டுச்சு" என்றாள். "திங்கக்கிழமை வேலைய விட்டுர்றேன்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"எங்ககிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா பாவம்னு பாப்பீங்க. பாவம்னு நெனச்சுட்டா அப்புறம் எவளும் நம்மகிட்ட ஜோக் சொல்ல மாட்டா."

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. கோர்ட்டில் நிற்பவள் போல விரலை நீட்டினாள். "உம்மேல யாராச்சும் கேஸ் போட்டாகளா? நீயே கேஸ் போட்டு, நீயே தீர்ப்பும் சொல்லிக்கிற. நாளைக்கு மலைக்குப் போறோம். அது முடியட்டும், அப்புறம் பேசிக்கிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலை ஏறினோம். தாமரைக் குளத்தைத் தாண்டிப் படி ஏறும்போதே ஊர்ச் சத்தம் கீழே தங்கிவிட்டது. மேலே பாறையில் உட்கார்ந்தால் வயலும் தென்னந்தோப்பும் நான்குவழிச் சாலையும் தூரத்தில் நகரமும் விரிந்து கிடந்தன. காற்றுகூட இல்லை. லீடர் மெஷினை எடுத்து மாட்டினாள். இந்த முறை கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டாள். பிறகு எங்களை வேலை வாங்க ஆரம்பித்தாள். "நீ இந்தப் பக்கம் வா, அந்தக் காது சுத்தமா அவுட்டு. நீ வாயில கைய வச்சுக்கிட்டுப் பேசாத, வக்கீலு. ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி பேசாதீங்க. கத்தக் கூடாது, கத்தினா வாய் கோணலாகி ஒண்ணும் புரியாது." விடுதியில் நாற்காலி ஒதுக்கிய அதே குரல்.

"சரி, நேத்துக் காலையில சொன்ன கதைய இப்பச் சொல்லு" என்றாள்.

வக்கீல் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து முழுக்கதையையும் மறுபடி சொன்னாள். லீடர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்காடி இம்புட்டுச் சிரிச்சீங்க?"

அந்தப் பாறையில் நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்புக்குக் குரங்குகள் விலகி ஓடின. சிரித்த வேகத்தில் வக்கீலுக்கு அழுகையும் வந்துவிட்டது. லீடர்தான் முந்தானையை நீட்டினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குப் போனோம். சுவரோரமாக, முதுகுக்குப் பின்னால் ஆள் வராத மேசையாக லீடரே தேடிப் பிடித்தாள். பரிமாறுகிறவர் வந்து, அவர்களுக்கே உரிய வேகத்தில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். நான் வாயைத் திறந்தேன். வக்கீல் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"அண்ணே, எனக்குக் காது சரியாக் கேக்காது" என்றாள் லீடர். பக்கத்தில் நாலு பேர் திரும்பினார்கள். அவள் தலை குனியவில்லை. "என் மூஞ்சியப் பாத்து மெதுவாச் சொல்லுங்க. என்னென்ன இருக்கு?"

அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி, "கோலா உருண்டை!" என்று கத்தினார்.

"கத்த வேணாம்ணே. சும்மா பேசுங்க."

அவர் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொன்றாகச் சொன்னார். கோலா உருண்டை. மட்டன் சுக்கா. அயிரை மீன் குழம்பு. அயிரை என்றது அவளுக்குப் புரியாமல் போக, இரண்டு விரலால் மீனின் நீளத்தைக் காட்டினார். யாருக்கு என்ன வேண்டும் என்று எங்களைக் கேட்காமலேயே மூவருக்கும் லீடர் சொல்லி முடித்தாள். எனக்குப் பிடித்ததை மறந்திருக்கவில்லை. அவ்வளவு சாப்பாட்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம். இந்த ஊரில் எத்தனையோ நல்ல சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு இணை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவளே வீடியோ காலில் வந்தாள். "எழுதிக் குடுத்துட்டியா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எழுதினேன்டி. போர்டுல எழுதினேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது, கேள்வி கேட்பவர் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கவும்னு எழுதிப்போட்டு, அதுக்குக் கீழயே பாடத்த ஆரம்பிச்சுட்டேன்." ரோட்டுப் பக்கம் இருந்த வகுப்பறைக்குப் பதிலாகப் பின்கட்டில் வேறு அறையும் கேட்டு வாங்கிவிட்டாளாம். அன்றைக்கு யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன். "சிரிச்சாலும் இனிமே என்னான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிருவேன்ல" என்றாள். இப்போது கல்லூரி விட்டுப் போகும்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது கடையில் இறங்கிவிட்டுத்தான் போகிறாள்.

இந்தத் தை மாதம், கல்லூரிப் பொங்கல் விழாவுக்குப் பூ வாங்கி வரச்சொல்லித் தன் மாணவிகள் மூன்று பேரை என் கடைக்கு அனுப்பியிருந்தாள். ஒரு பெண் எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு நிறுத்தி நிதானமாக, "செவ்வந்தி வேணும் ஆன்ட்டி" என்றாள். கூட வந்தவள் துப்பட்டாவால் வாயை மூடியபடி ஏதோ சொல்ல, இவள் அந்தத் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. எங்களுக்கு இப்பிடியே பழகிருச்சு."

பூவை வாங்கிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துப் பேசிக்கொண்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து போனார்கள். எதிரே மல்லிகை மூட்டையோடு வந்தவர், "ஏம்மா, முன்னால பாத்துப் போங்கம்மா" என்று சத்தம் போட்டார்.