வலி இல்லை என்று எழுதிய பதினோரு நாட்கள்

2024 ஜூலை 26, வெள்ளிக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். குழாய்த் தண்ணீர் வரும் நாள். பன்னிரண்டு குடம் பிடித்தேன். வாசல் தெளித்து, காபி போட்டு, ஆறு பத்துக்குக் கோமதி அம்மன் கோயிலில் வாங்கிய புற்றுமண்ணைக் குழைத்து என் கணவரின் வலது பாதத்துப் புண்ணில் பூசினேன். பிறகு டைரியில் எழுதினேன்: "பதினோராம் நாள். வலி இல்லை. அம்மன் கருணை."

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் வேண்டிக்கொண்டவர்கள் கோயிலைச் சுற்றுவோம். மகளுக்குச் சுகப்பிரசவமானால் நூற்றொரு சுற்று என்று அவர் நேர்ந்திருந்தார். வெறுங்காலுடன் மூன்று நாளில் முடித்தார். பாதத்தில் எழுந்த கொப்புளம் உடைந்து புண்ணானது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். இருந்தாலும், அம்மனுக்காக நடந்த கால், அம்மனே பார்த்துக்கொள்வாள் என்றிருந்துவிட்டேன்.

தபசு முடிந்த மறுநாள், வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளர் பெண் வந்தாள். புண்ணைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, வலிக்கா?"

"துளி வலி இல்ல, தாயி."

"வலிக்கலன்னாத்தான் எனக்குப் பயமாருக்கு. அக்கா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மாத்திரை குடுக்க வந்தவ டாக்டராயிட்டியோ? வந்த வேலையப் பாரு" என்றேன்.

"ஏட்டி, அவ வாயிலயும் கொஞ்சம் புத்துமண் பூசி விடு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றுக்கு அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மண்ணைக் கழுவிப் பார்த்தேன். கட்டைவிரல் கறுத்திருந்தது. கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் அவர் உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். ஒருமுறை இல்லை, நான்கு இடத்தில். இவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி, "எப்ப டாக்டர் குத்துவீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சர்க்கரையில நரம்பு செத்துட்டும்மா. அதான் வலிக்கல. முதல்லயே வந்திருந்தா மருந்துக் கட்டோட முடிஞ்சிருக்கும்."

மாலையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த நாத்தனார், "விரலோட போச்சே மதினி, அம்மன் காப்பாத்திட்டா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? பதினோரு நாளும் நோயைத்தான் கருணை என்று எழுதி வைத்திருந்தேன், என் கையாலேயே, தேதி போட்டு.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அவருடைய இடது பாதத்தைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்தேன். அதன் பிறகுதான் கும்பிட்டேன். "இவருக்கு வலியைக் கொடு, தாயே" என்று வேண்டினேன். இன்றும் தினமும் அதையேதான் கேட்கிறேன், முதலில் பாதத்தைப் பார்த்துவிட்டு.