மழைத்தண்ணீர் மட்டும் குடிக்கும் செடி

தாவரவியல் படிப்பிக்கிறவர்கள் வீட்டில் ஒன்றுக்கும் உதவாத செடி ஒன்றாவது நிற்கும். அளவெட்டியில் என் வீட்டில் நின்றது குடுவைச் செடி. இலை நுனியில் மூடி போட்ட சிறு கெண்டி தொங்கும். அதற்குள் விழும் பூச்சியைக் கரைத்துத் தின்னும். மழைக்காட்டுச் சீவன் அது. யாழ்ப்பாணத்து வெக்கையில் அதை அறைக்குள் வைத்து, சுற்றிவர ஈரச்சாக்குக் கட்டி வளர்க்க வெளிக்கிட்ட பாவிகள் வேறு யாரும் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

வந்து சேர்ந்த விதம்

என் கணவர் களுத்துறைப் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் கிளாக்கர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவரை மூன்று நாள் ஒளித்து வைத்திருந்த சிங்களக் கிழவர், வழியனுப்பும்போது வேலியோரம் நின்ற மூன்று கன்றுகளைக் கிண்டித் தகரப்பேணியில் வைத்துக் கொடுத்தாராம். அகதியாகக் கப்பலில் வந்து இறங்கியவரின் கையில் அந்தப் பேணி மட்டும் இருந்தது. பெட்டி எங்கே என்று மாமி கேட்டதற்கு அவர் சொன்னார்: "இதுதான் அம்மா மிஞ்சினது."

வெள்ளிக்கிழமை

மாமி சுத்த சைவம். செடி என்ன தின்கிறது என்று தெரிந்த அன்றே, அது குசினி அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஒவ்வொரு கெண்டிக்கும் வெள்ளைத் துணியால் வாய்க்கட்டு. கந்தசஷ்டி ஆறு நாளும் செடியும் விரதம். அதற்கு ஆசாரம் தெரியாது மாமி என்று சொல்லிப் பார்த்தேன். துணியை இன்னும் இறுக்கி முடிந்துகொண்டு சொன்னார்: "எங்கடை வீட்டில நிண்டா எங்கடை வழக்கத்துக்குத்தான் நிக்கோணும்."

படலையடியில்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. இந்தச் செடிக்கு அது நஞ்சு. அதனால் என் கணவர் கூரைப் பீலிக்குக் கீழே தகரப் பரல் வைத்து, மாரி மழையைப் பிடித்துப் போத்தல்களில் அடைத்து வைத்தார். அடுத்த வருடம் வேலைக் கடதாசிகளை எடுத்து வரக் கொழும்புக்குப் புறப்பட்டார். பஸ் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

தேடாத இடமில்லை. செடி உயிரோடு நிற்கும்வரை அவரும் எங்கேயோ இருக்கிறார் என்று நினைக்கத் தொடங்கினேன். விஞ்ஞானப் பட்டதாரி நினைக்கிற நினைப்பா அது? ஆனாலும் நினைத்தேன். வாசல் படலையில் நின்று அவர் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "மழைத்தண்ணி மட்டும் விடும். நான் வந்து பாப்பன்."

இரண்டு சாவு

முதல் செடியைக் கொன்றவள் நான்தான். ஒரு ஆவணியில் போத்தல்கள் வெறுமையாகிவிட, கொஞ்ச நாளைக்குத்தானே என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். எல்லாம் தெரிந்தே ஊற்றினேன்.

இரண்டாவது, எங்களுக்கு வாழைக்குலை கொண்டுவரும் நீர்வேலிச் சின்னத்துரை அண்ணையின் கைங்கரியம். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், செடி மெலிந்து நிற்கிறதே என்று இரங்கி, சாணியும் சாம்பலும் தாராளமாகப் போட்டிருக்கிறார். பசளை பட்டால் இதற்கு வேர் கருகிவிடும். கருகியது. நான் அவருக்கு முன்னாலேயே அழுதேன். நல்ல மனுசன், அவருக்கும் முகம் செத்துப் போயிற்று. கடைசியில் சொன்னார்: "தங்கச்சி, பசளை ஒத்துக்கொள்ளாத சீவனுக்கு எங்கடை மண்ணில என்ன வேலை?"

வகுப்பில்

மிஞ்சிய ஒன்றை உயர்தர வகுப்புக்குக் கொண்டுபோனேன். பறந்து வந்த இலையான் ஒன்று கெண்டிக்குள் வழுக்கி விழுந்தது. ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் கேட்டுச் சனம் அலைந்த காலம். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ரீச்சர், உதுக்கும் பாஸ் குடுக்க மாட்டினமோ?"

ரோட்டில்

தொண்ணூற்றைந்து ஆடியில் ஷெல் விழ விழ ஊரோடு வெளிக்கிட்டோம். சைக்கிள் கரியரில் உடுப்பு மூட்டை, முன்கூடையில் செடி, ஹாண்டிலில் அதற்கென்று வைத்திருந்த கடைசி இரண்டு போத்தல் மழைத்தண்ணீர். இனி மழை ஐப்பசியில்தான். மாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழிக் கிணறுகளில் வாளியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்காரர் போய்விட்டார்கள். எங்கள் குடிதண்ணீர் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஒரு மதகடியில் கைக்குழந்தையோடு இருந்தவள் என் போத்தல்களைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. நான் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மாமி என் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"ரெண்டையும் குடு பிள்ளை. அவன் வந்து கேட்டா நான் சொல்லுறன்."

கொடுத்தேன். செடி அந்த ஆவணியிலும் மாமி அடுத்த மாரியிலும் போய்விட்டதால், அவர் வந்து கேட்டால் சொல்ல வேண்டிய பதிலையும் இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன்.